பொட்டி தட்டுறவர் ஒருத்தர், பொட்டி வாங்குறவர் ஒருத்தர்

ஒரு கம்பெனியில் எந்த சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நண்பர்களைக் கேட்டால் "டெக்னிக்கலா எது பெஸ்ட்டோ அதை எடுப்பாங்க" என்பார்கள். என் வகுப்பில், அதாவது பி.காம். பக்கம் கேட்டால், "எது விலை கம்மியோ அது" என்பார்கள். இரண்டுமே சின்னப் பிள்ளைத்தனமான பதில். முடிவு செய்கிறவர் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு நாள்கூட வேலை பார்க்கப் போகாதவர். அவர் மனதைக் கரைத்தவரும் அதில் வேலை பார்த்தவர் கிடையாது, அதை விற்றவர். இந்த இரண்டு பேரும் ஏசி ரூமில் கைகுலுக்கிய பிறகு, மூன்றாவது மாடியில் பொட்டி தட்டும் இருபது பேருக்கு மெயில் வரும்: "வருகிற திங்கள் முதல் அனைவரும் புதிய சிஸ்டத்துக்கு மாறவும்."

இது என் கண்டுபிடிப்பு இல்லை மக்களே. நம்ம மார்க்கெட்டிங் பாடத்திலேயே இருக்கிறது. 1972ல் வெப்ஸ்டர், விண்ட் என்று இரண்டு பேராசிரியர்கள் எழுதிய மாடல், பெயர் 'பையிங் சென்டர்'. ஒரு நிறுவனம் எதையாவது வாங்கும்போது அதில் ஐந்து வேடங்கள் உண்டு என்றார்கள். பயன்படுத்துபவர், கருத்துச் சொல்லி மனதைத் திருப்புபவர், முடிவெடுப்பவர், கொள்முதல் செய்பவர், யாரை உள்ளே விடலாம் என்று வாசலில் நிற்பவர். ஐந்து மார்க் கேள்வி. ஐந்தையும் நெட்டுரு போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினால் அரைக்கப் போகிறவரே கடைக்குப் போய், சத்தம் அதிகமா, ஜார் சின்னதா என்று பார்த்து வாங்கலாம். (அப்பா வாங்கி வந்து அம்மா அரைக்கிற வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் மிக்ஸி எத்தனை நாள் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள்.) கம்பெனியில் மட்டும் பயன்படுத்துபவர் ஐந்தில் ஒருத்தர், அதிலும் சொல் எடுபடாத ஒருத்தர். விற்பனைப் பிரிவுக்கு நம் பாடம் சொல்லித் தரும் சூத்திரமும் அதுதான்: முடிவெடுப்பவர் யார் என்று கண்டுபிடி, அவரிடம் நேரத்தைச் செலவு பண்ணு.

போன வருடம் இன்டர்ன்ஷிப்புக்குப் போன ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) இதை முழுசாகப் பார்த்தேன். பெரிய விலை கொடுத்து ஒரு ஈஆர்பி வாங்கியிருந்தார்கள். குடோனுக்கு லாரி வந்தால் சரக்கு வரவு போட ஒரு திரை, அதில் நிரப்பாமல் விடவே முடியாத கட்டங்கள் ஏகப்பட்டது. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது எந்த மனுஷன் அதை நிரப்புவான்? குடோன் அண்ணா ஒரு நீளமான நோட்டில் எழுதுவார். அக்கவுண்ட்ஸில் ஒரு அக்கா அதை எக்செல்லில் ஏற்றுவார். மாதக் கடைசி இரண்டு நாள் எல்லோரும் உட்கார்ந்து எக்செல்லில் இருப்பதை ஈஆர்பியில் அடிப்போம். எம்.டி. அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, அதில் கலர் கலராக வட்டம், 'லைவ் ஸ்டாக்' என்று தலைப்பு வேறு. மாதத்துக்கு ஒரு முறை உயிர் வரும் லைவ். டெமோ காட்டிய அன்றைக்கு அந்த வட்டத்தைத்தான் காட்டினார்களாம். சரக்கு வரவுத் திரையைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் குடோனில் நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜ்மென்ட்டில் இருப்பவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கணக்கு வேறு. பழைய பொன்மொழி ஒன்று உண்டு, ஐபிஎம் வாங்கியதற்காக யாருக்கும் வேலை போனதில்லை என்று. நல்ல பொருளா என்பதைவிட, நாளைக்குக் கவிழ்ந்தால் என் தலை தப்புமா என்பது அவர்களுடைய கேள்வி. பெரிய பெயரை வாங்கி அது சொதப்பினால் "அவங்களாலேயே முடியலைன்னா யாராலும் முடியாது சார்" என்று சொல்லலாம். சின்னப் பெயரை வாங்கி அது சொதப்பினால் "உன்னை யார் அதை வாங்கச் சொன்னது?" இந்த பயத்தை விற்பனைத் துறை நன்றாக அறியும். ஐபிஎம்மை விட்டு வெளியேறி 1970ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்த ஜீன் அம்டால், தன் பழைய கம்பெனி ஆட்கள் வாடிக்கையாளர் மனதில் அச்சத்தையும் நிச்சயமின்மையையும் சந்தேகத்தையும் விதைக்கிறார்கள் என்று சொல்லித்தான் 'ஃபட்' என்ற வார்த்தையே புழக்கத்துக்கு வந்தது.

தலை தப்புவதற்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவும் கம்பெனிகள் உண்டு. கார்ட்னர் போடும் 'மேஜிக் குவாட்ரன்ட்' கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலு கட்டம், வலது மேல் மூலையில் இருப்பவர் 'தலைவர்'. அந்தப் படத்தை ஸ்லைடில் ஒட்டினால் போதும், மீட்டிங்கில் பாதி பேர் தலையாட்டிவிடுவார்கள். 2009ல் இசட்.எல். டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி, தன்னைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று கார்ட்னர் மேல் வழக்குப் போட்டது. கார்ட்னர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? எங்கள் வரிசை வெறும் அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று. கோர்ட்டும் ஏற்றுக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. கோர்ட்டில் அபிப்பிராயம், போர்டு ரூமில் வேதவாக்கு.

அடுத்து எண்களுக்கு வருவோம், இது நம்ம ஏரியா. 2000களில் லினக்ஸ் கொஞ்சம் தலைதூக்கியதும் மைக்ரோசாஃப்ட் 'கெட் தி ஃபேக்ட்ஸ்' என்று ஒரு பிரசாரம் நடத்தியது, 2007 வரை ஓடியது. அதன் ஆயுதம் டிசிஓ, அதாவது ஒரு பொருளை வைத்திருப்பதற்கு ஆகும் மொத்தச் செலவு. லைசென்ஸ் இலவசமாக இருந்தாலும் ஆட்களுக்குப் பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் லினக்ஸ்தான் அதிகச் செலவு என்று ஆய்வறிக்கைகள் காட்டின. அவற்றில் சிலவற்றுக்குப் பணம் கொடுத்ததே மைக்ரோசாஃப்ட். டிசிஓ என்ற கருத்தில் தப்பே இல்லை, காஸ்ட் அக்கவுண்டிங் படித்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் வாங்கப் போகிறவருக்கு விற்கிறவரே காஸ்ட் ஷீட் போட்டுக் கொடுப்பதை வேறு எந்தச் சரக்கில் ஒத்துக்கொள்வோம்? அரிசி மண்டிக்காரர் வந்து உங்கள் மெஸ்ஸுக்கு இட்லி ஒன்றுக்கு அடக்க விலை என்ன என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? இன்னொன்றும் கவனித்தேன். அந்த மாதிரி அட்டவணைகளில் நுழையும் செலவு இருக்கும், இருக்கும் செலவு இருக்கும், வெளியேறும் செலவுக்கு மட்டும் வரி இருக்காது. பத்து வருட டேட்டாவை இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாற்ற என்ன ஆகும் என்பது லைசென்ஸ் விலையைவிடப் பெரிய எண்ணாக இருக்கக்கூடும்.

வெளியேறும் செலவுக்கு உதாரணம் வேண்டுமா? ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட். 2011ல் சாப் ஈஆர்பிக்கு மாறத் தொடங்கி, ஏழு வருடம் தலைகீழாக நின்று, 2018ல் வேண்டாம் என்று கைவிட்டார்கள். செலவு சுமார் 50 கோடி யூரோ. அதில் ஒரு சிக்கல் நாம் முதல் வருடம் படித்த சரக்கு மதிப்பீடு. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைக்கும் கம்பெனி. சாப்பின் ரீடெயில் பொருள் வழக்கமாக விற்பனை விலையில் வைக்கும். லிடில் தன் வழக்கத்தை மாற்ற மறுத்தது, சாஃப்ட்வேரை வளைக்க ஆரம்பித்தார்கள், வளைக்க வளைக்கக் காசு. லிடிலின் ஒரு ஸ்டோர் அக்கவுண்டன்டை முதல் வாரம் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்த இடம் இடிக்கும் என்று சொல்லியிருப்பார் என்பது என் கட்சி.

வெளிநாட்டுக் கதை போதும், நந்தனத்துக்கு வருவோம். அண்ணா சாலையில் இருக்கும் எல்காட், தமிழக அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1977ல் தொடங்கியது. அரசுக்கு வேண்டிய கம்ப்யூட்டர்களை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது இவர்கள் வேலை. 2006 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இதன் நிர்வாக இயக்குநராக வந்தார். திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே தாலுகா ஆபீஸ்களைக் கணினிமயமாக்கிப் பெயர் வாங்கியவர். எல்காட்டின் சொந்த அலுவலகப் பொட்டிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். ஓபன் ஆபீஸ் போட்டார். பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளும் லினக்ஸோடு வர ஆரம்பித்தன. இந்தியா முழுக்க, வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும்கூட, தமிழ்நாடு லினக்ஸுக்கு மாறுகிறது என்று எழுதினார்கள். (இதில் ஒரு வேடிக்கை. சூசேயை அப்போது வைத்திருந்த நாவல் கம்பெனியோடு 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டே ஒப்பந்தம் போட்டு சூசே கூப்பன்களை விற்கத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லா ஒன்றுதான்!)

2008ல் உமாசங்கர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். அந்த வேகமும் அவரோடு போய்விட்டது. 2011ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது, முதல் வருடத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், தரமணி டைடல் பார்க்கில் இருந்த சென்னை சி-டாக் உருவாக்கியது, 2007ல் வெளிவந்தது. அதற்குப் பின்னால் இருந்த தேசிய திறமூல மென்பொருள் மையத்தின் இன்னொரு கால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில். எங்கள் நங்கநல்லூரிலிருந்து இரண்டுமே பஸ்ஸில் போய்வரும் தூரம். அப்படிப் பக்கத்து ஊரில் செய்த பொருள் பிள்ளைகள் கைக்கு வந்ததும் என்ன ஆனது? என் பெரியம்மா மகனுக்குக் கிடைத்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு வரி வரும், எதில் போக வேண்டும் என்று கேட்டு. இரண்டாவது என்ன அண்ணா என்று கேட்டேன். "தெரியலை, ஏதோ வைரஸ் மாதிரி, தொடாதே" என்றான் :-)

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் பள்ளி ஆசிரியருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. டெண்டரில் ஒரு வரி, டிஸ்க்கில் ஒரு பகுதி, அதோடு கடமை முடிந்தது. பிறகு 2014 ஏப்ரல் 8ம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று சொன்னது. கவனியுங்கள், 2007ல் மாறியதற்குக் காரணம் ஒரு அதிகாரியின் பிடிவாதம், 2014ல் மாறச் சொன்னதற்குக் காரணம் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் காலண்டர். நடுவில் எந்த இடத்திலும் விஏஓ ஆபீஸில் சான்றிதழ் அடிக்கிறவரிடம் "உங்களுக்கு எது தோதுப்படும்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

"இதெல்லாம் அரசாங்கம், அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட வேண்டாம். பாலக்காடு தாண்டிப் போனால் கேரளமும் அரசாங்கம்தான். அங்கே 2001ல் ஐடி அட் ஸ்கூல் என்று பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கினார்கள். முதலில் வந்த பாடப்புத்தகம் விண்டோஸை வைத்துத்தான். ஆசிரியர்கள் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. அடுத்த சில வருடங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மலையாளத்தில் இடைமுகம் செய்து, பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் எழுதினார்கள். ஆட்சி மாறியது, மாறி மாறி வந்தது. பள்ளியில் லினக்ஸ் போகவில்லை. அந்தத் திட்டம் இப்போது கைட் என்ற பெயரில் இருக்கிறது, 2024ல்கூடத் தன் சொந்த லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. ஏன் போகவில்லை என்றால், அங்கே ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு மந்திரியை, ஒரு செயலாளரை விற்பனைக்காரர் போய்ப் பார்க்கலாம். அத்தனை ஆசிரியர்களையும் ஹோட்டலுக்குக் கூப்பிட்டு டின்னர் கொடுக்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ம்யூனிக் நகராட்சி. 2003ல் லினக்ஸுக்கு மாறப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அப்போதைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடி வந்தார். மேயர் மசியவில்லை. பத்து வருடத்தில், 2013க்குள், கிட்டத்தட்ட 15,000 கணினிகளை மாற்றியும் முடித்தார்கள். பிறகு மேயர் மாறினார். 2016ல் மைக்ரோசாஃப்ட்டின் ஜெர்மானியத் தலைமையகம் ம்யூனிக் நகருக்குள் வந்தது. 2017ல் மாநகர சபை மறுபடி விண்டோஸுக்கே போவோம் என்று ஓட்டுப் போட்டது. நடுவில் அக்சென்ச்சரை வைத்து ஒரு ஆய்வு வேறு. அந்த ஆய்வே பெரிய பிரச்சினை நகராட்சியின் ஐடி நிர்வாக அமைப்பில் இருக்கிறது என்று சொன்னது. அமைப்பை மாற்றுவது கஷ்டம், பொட்டியில் இருப்பதை மாற்றுவது சுலபம், டெண்டரும் விடலாம்.

லினக்ஸ் வெறி பிடித்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்ம சொந்த ஊர்க் கம்பெனிக்கு ஆதாயம் வந்தாலும் இதையேதான் சொல்வேன். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஜோஹோவுக்கு மாறிவிட்டேன் என்றார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை அங்கே மாற்றினார், கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகள் ஜோஹோ ஆபீஸைப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. சும்மா சொல்லக்கூடாது, 1996ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பெனி, விளம்பரத்துக்குக் கொட்டாமல் பொருள் செய்து வளர்ந்தது, சென்னைக்காரர்களுக்குப் பெருமை. ஆனால் அந்த வாரம் டிவி விவாதங்களில் யாராவது ஜோஹோ ஷீட்டில் பைவட் டேபிள் எப்படி என்று பேசினார்களா? சுதேசி, சுதேசி என்று ஒரே கோஷம். நல்ல பொருளை நல்ல காரணத்துக்காக வாங்கியிருக்கலாம், கோஷத்துக்காக வாங்கினால் கோஷம் மாறும் அன்றைக்கு அதையும் தூக்கிவிடுவார்கள். எல்காட்டில் பார்த்தோமே.

அப்துல் கலாம் இந்த விஷயத்தை வேறு மாதிரி தொட்டவர். 2002 நவம்பரில் பில் கேட்ஸ் இந்தியா வந்து 40 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்துவிட்டுப் போனார், ஜனாதிபதியாக இருந்த கலாமையும் சந்தித்தார். அடுத்த மே மாதம் புனேயில் ஒரு கல்லூரி விழாவில் கலாம் அந்தச் சந்திப்பைக் குறிப்பிட்டு, மென்பொருள் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்றும், இந்தியாவுக்குத் திறமூல மென்பொருள் வேண்டும் என்றும் மாணவர்களிடம் சொன்னார். அவ்வளவு பெரிய விற்பனையாளரைச் சந்தித்துவிட்டு, அதைப் பற்றி மந்திரிகளிடம் பேசாமல் மாணவர்களிடம் போய்ப் பேசினார் பாருங்கள், அந்த இடம் எனக்குப் பிடிக்கும். கேட்ஸுக்கும் மாணவர்களின் அருமை தெரியும். 1998ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சீனாவின் திருட்டு நகல்களைப் பற்றிப் பேசியபோது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிட்டால் வசூலிக்கும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகவே சொன்னவர் அவர்.

இந்த இடத்தில் டேலியைப் பற்றிப் பேசாமல் பி.காம். படிக்கும் எவரும் தப்ப முடியாது. 1986ல் பெங்களூரில் பரத் கோயங்கா, தன் அப்பாவின் வியாபாரக் கணக்குக்காக எழுதியது. கணக்குப்பிள்ளையின் மகன் மாதிரி ஒருவர் கணக்கு எழுதுபவருக்காகச் செய்த பொருள், அதனால்தான் அது இன்றுவரை கையில் ஒட்டுகிறது. மவுஸைத் தொடாமல் எஃப் ஐந்து, எஃப் ஏழு என்று தட்டிக்கொண்டே போகலாம். சரக்கு வரவுக்கு லாரிக்காரர் ஹாரன் அடிக்கும் முன் என்ட்ரி முடிந்துவிடும். ஆக, பயன்படுத்துகிறவரை நினைத்துச் செய்த பொருள் ஜெயித்ததற்கு நம்ம துறையிலேயே சாட்சி இருக்கிறது.

ஆனால் அது பரவிய விதம் வேறு கதை. தெருத் தெருவாகப் பயிற்சி மையம், ஊர் ஊராக விற்பனைக் கூட்டாளிகள், கூடவே ஊர் முழுக்கத் திருட்டு நகல். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, ஒவ்வொரு முறையும் கடைக்காரர்கள் புதுப் பதிப்புக்கு ஓடினார்கள். ஆடிட்டர் டேலி டேட்டாதான் கொண்டு வா என்கிறார், ஏனென்றால் அவர் ஆபீஸ் பையனுக்குத் தெரிந்தது அது. பையன் அதைக் கற்றான், ஏனென்றால் ஆடிட்டர் அதைக் கேட்கிறார். நங்கநல்லூரில் கோயில் வாசல் கடைகளுக்கு அடுத்து அதிகம் கண்ணில் படுவது 'டேலி வித் ஜிஎஸ்டி' போர்டுதான். டேலி விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேர், ஆகவே கடையில் விண்டோஸ். லினக்ஸ் போடலாமே என்று எந்த இன்ஜினியர் வந்து சொன்னாலும் கடைக்காரர் ஒரே கேள்வி கேட்பார்: "அதுல டேலி வருமா தம்பி?" நியாயமான கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு முன்னால் அத்தனை டிசிஓ அறிக்கையும் தூசு.

ஆக, மார்க்கெட்டிங்கைவிடப் பலமான ஒன்று உண்டு, கற்றுக்கொண்ட கை. கேரளத்தில் லினக்ஸைக் காப்பாற்றியதும் அதுதான், இங்கே டேலியையும் எக்செல்லையும் அசைக்க முடியாமல் வைத்திருப்பதும் அதுதான். விற்கிறவர்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. அதனால் அவர்கள் போர்டு ரூமுக்குப் போவதோடு நிற்காமல் வகுப்பறைக்கும் வருகிறார்கள். நான் முதல்வன் திட்டத்தில் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வந்த பாடங்களில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் ஒன்று. நம் கணினிக் கணக்கியல் தாள்களில் பல கல்லூரிகளில் ஒரு பிராண்டின் பெயரே பாடத்தின் பெயர். கணக்கியல் என்பது இரட்டைப் பதிவு முறை, பாச்சோலி அதை 1494ல் அச்சடித்தபோது எஃப் ஐந்து கிடையாது. இயற்பியல் பிரிவில் 'இன்ன கம்பெனி வோல்ட்மீட்டர்' என்று ஒரு பேப்பர் வைத்தால் சிரிக்க மாட்டோமா? 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் கணினி தருகிறோம் என்றார்கள். 20 லட்சம் ஜோடிக் கைகள். அந்தப் பொட்டியில் முதலில் எது திறக்கும் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று மார்க்கெட்டிங் படிக்கிறவர்கள் நாமே கணக்குப் போடலாம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பங்கு வர்த்தகம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த பெங்களூர் செரோதா, தன் உள்வேலைகளுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல ஈஆர்பியைப் பயன்படுத்துகிறது. மும்பையில் ஃப்ராப்பே என்ற சின்னக் கம்பெனி செய்தது. 2020ல் செரோதா அந்தக் கம்பெனியில் முதலீடும் செய்தது. அங்கே பொட்டி தட்டுகிறவர்களின் சொல்லுக்கு மேலே மரியாதை உண்டு என்பதுதான் வித்தியாசம். காசு மிச்சமானது அதற்கப்புறம்தான்.

இன்ஜினியரிங் நண்பர்கள் வருடம் முழுக்க "மேனேஜ்மென்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது" என்று புலம்புகிறார்கள். அந்த மேனேஜ்மென்ட் யார் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் கொள்முதல் ஆர்டரில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் இந்த பி.காம்., எம்.பி.ஏ. வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கிற நாம்தான். டேட்டாவை வெளியே எடுக்க முடியுமா, எந்த வடிவில் வரும், விலையை ஏற்றினால் எத்தனை நாளில் வெளியேறலாம், குடோனில் இருப்பவர் பார்த்தாரா என்று கேட்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. எஃப் ஏழு அழுத்தச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

எங்கள் லேபில் 40 கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் இரண்டிலாவது ஈஆர்பிநெக்ஸ்ட்டோ க்னூகேஷோ போட்டு, டேலியில் செய்த அதே கம்பெனியின் கணக்கை அதற்கு மாற்றி, ட்ரயல் பேலன்ஸ் பைசா பிசகாமல் வருகிறதா என்று பார்க்கும் ஒரு பயிற்சியை ரெக்கார்டில் சேர்க்க வேண்டும் என்று துறைத் தலைவருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிச்சப் பேர் "இதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனு என் பையில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை முதல் ஹவருக்கு முன்னால் கேன்டீன் பக்கம் வந்தால் தருகிறேன்.